வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வரும் பழுது

சர்ர்ர்ரக்... டக். சர்ர்ர்ரக்... டக். அனுப்பர்பாளையத்தில் அந்தச் சந்துக்குள் திரும்பும்போதே, பாத்திரப் பட்டறைகளின் சுத்தியல் சத்தத்துக்கு அடியில் இது கேட்டுவிடும். காலர் மெஷினின் கேரேஜ், அதாவது நூலைப் பின்னிக்கொண்டே போகும் வண்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுவது 'சர்ர்ர்ரக்'. கோடியில் முட்டித் திரும்புவது 'டக்'. இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடினால் மெஷினுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். எங்கள் தொழிலில் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே நோய் தெரிந்துவிடும். மருந்து தெரிவதற்குத்தான் ஆயுசு போய்விடும்.

சோற்றுக்கு நான் பல்லடம் ரோட்டில் ஒரு நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட் எலெக்ட்ரீஷியன். 'எங்கள் தொழில்' என்று நான் சொல்வது அதை அல்ல. நான் டிரைவர் எழுதுகிறவன். கம்ப்யூட்டர் ஒன்று நினைக்கும், மெஷின் ஒன்று செய்யும். இரண்டுக்கும் நடுவே நின்று, அவர் சொன்னதை இவருக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். கல்யாண வீட்டில் இரண்டு சம்பந்திகளுக்கும் நடுவே ஓடுகிற ஆள் மாதிரி. எல்லாம் நல்லபடியாக நடந்தால் அவன் இருந்ததே யாருக்கும் தெரியாது. சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட அவனைத்தான் தேடுவார்கள். எழுதியதை ஓப்பன் சோர்ஸாக, அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், ஓட்டலாம் என்று, பொதுவில் போட்டுவிடுவேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தூக்கம் வராத பகல்கள் சொல்லித் தந்தன.

'ஐயா, என் நிரல் ஓடவில்லை' என்று முகம் தெரியாத யாருக்கோ மடல் போட்டுவிட்டு, பதில் வந்ததா என்று பல் விளக்கும்போதுகூடப் போனைத் திறந்து பார்க்கிற சக பாவிகளே, இது உங்களுக்காக.

உசுரு இருக்கும் இடம்

சரஸ்வதி அக்காவிடம் இருப்பது ஒரே ஒரு காலர் மெஷின். டி-ஷர்ட்டுக்குக் கழுத்துப்பட்டை பின்னித் தரும் ஜாப் ஒர்க். வெளிநாட்டில் யாரோ ஓட்டிக் கழித்ததை அவருடைய வீட்டுக்காரர் செகண்ட் ஹேண்டில் வாங்கி இறக்கினார். அவர் மாரடைப்பில் போன பிறகு, ஒரு கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்த அக்கா அதை விட்டுவிட்டு வந்து மெஷினைக் கையில் எடுத்தார். மெஷினுக்கு டிசைன் சொல்வது அதனோடு கூடவே வந்த பழைய கம்ப்யூட்டர். மெஷினைச் செய்த கம்பெனி எப்போதோ இழுத்து மூடிவிட்டது. கம்ப்யூட்டரும் தினமும் காலையில் எழுந்திருக்க மனசில்லாமல் முனகிக்கொண்டிருந்தது. அது செத்தால் மெஷின் பழைய இரும்பு. அக்கா திரும்பவும் யாருடைய கம்பெனியிலோ டேபிள் முன்னால் நின்று, நாள் முழுக்கத் துணியில் ஓட்டை தேட வேண்டியதுதான். புதுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, இந்த மெஷினுக்கு நானே டிரைவர் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். வீறாப்பு என்பது இதுதான்.

முதல் நாள் மெஷினைச் சுற்றிக் காட்டி அக்காவுக்கு விளக்கம் சொன்னேன். இடது கோடியில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, அதில் சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். கேரேஜ் வந்து திரும்பும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டு, 'ஒரு வரிசை முடிந்தது' என்று மெஷின் எண்ணிக்கொள்ளும். எண்ணிக்கை தப்பினால் காலரில் கோடு தப்பும். மீதியெல்லாம் வெறும் இரும்பு, இதுதான் எல்லாம் என்று நானும் நீட்டி முழக்கினேன். கேட்க ஆள் கிடைத்தால் நமக்கெல்லாம் வாய் நிற்காது, உங்களுக்கே தெரியும். அக்கா அந்தக் கண்ணாடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப மெஷினோட உசுரே இதுலதான் இருக்குதுங்களா தம்பி?"

செத்தவர் காக்கும் ரகசியம்

கம்ப்யூட்டரும் மெஷினும் எந்த மொழியில் பேசிக்கொள்கின்றன என்று தெரியாமல் டிரைவர் எழுத முடியாது. அதைச் சொல்லும் கையேடு கிடைக்குமா என்று கேட்க, அந்த மெஷின்களை ஒரு காலத்தில் விற்ற ஏஜென்சிக்குக் கோயமுத்தூர் போனேன். ஷிப்ட் முடிந்து நேராக பஸ் ஏறியதில் கண் இரண்டும் மிளகாய்ப்பழமாக இருந்தது. ரிசப்ஷனில் இருந்த பெண் ஏதோ சண்டைக்கு வந்தவன் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

மேனேஜர் மரியாதையானவர். டீ சொன்னார். புது மெஷினின் படங்கள் போட்ட பளபளப்பான புத்தகம் ஒன்றையும் கொடுத்தார். பழைய மெஷினின் கையேட்டைக் கேட்டதும் குரலைத் தணித்துக்கொண்டு, "அதெல்லாம் கான்பிடென்ஷியலுங்க" என்றார். "கம்பெனியே இல்லீங்களே, இனி யாருக்குங்க அது ரகசியம்?" என்றேன். அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, துக்க வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னார்:

"கம்பெனிதானுங்க இல்ல. ரகசியம் இன்னும் இருக்குதுங்களே."

லீவு லெட்டர்

கையேடு கிடைக்காதவனுக்கு இன்டர்நெட்தான் கதி. இப்படிப்பட்ட டிரைவர்களை எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க ஒரு மடல் குழுவில் கூடிப் பேசிக்கொள்கிறார்கள். அதில் உதவி கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே ஆங்கிலக் கடிதம் லீவு லெட்டர். அதனால் என் மடலும் அப்படியே அமைந்தது. மதிப்பிற்குரிய ஐயா, மெஷினின் வரிசை எண்ணிக்கை எனக்குச் சரியாக வந்து சேராமல் கடுமையாக அவதிப்படுவதால், தாங்கள் தயவுகூர்ந்து வழி காட்டுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள.

பதில்கள் மளமளவென்று வந்தன. வரிகள் அகலமாக இருக்கின்றன, மடக்கி எழுதவும் என்றார் ஒருவர். தலைப்பின் முன்னால் அடைப்புக்குறி போடவில்லை என்றார் இன்னொருவர். இருவருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினால், வந்த மடலுக்கு மேலே பதில் எழுதக்கூடாது, கீழேதான் எழுத வேண்டும் என்று மூன்றாமவர் கண்டித்தார். தாலுகா ஆபீஸில் மனுவில் ஸ்டாம்ப் ஒட்டிய மூலை சரியில்லை என்று திருப்பி அனுப்புவார்களே, அதையேதான் இவர்கள் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். மெஷினைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியாக அந்தக் குழுவுக்கே பெரியவர், நான் மனசுக்குள் 'கறார்' என்று பெயர் வைத்திருக்கும் ஆசாமி, எழுதினார்:

"உங்கள் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் இன்னும் அதைக் கேட்கவில்லை."

குல்லா பின்னும் ஹென்ரிக்

கோபத்தில் குளித்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. மத்தியானம் போனைத் திறந்தால் குழுவில் இல்லாமல் தனியாக ஒரு மடல். பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஹென்ரிக் என்பவர். 'மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், என் முதல் மடலுக்கும் இதே மரியாதைதான் நடந்தது' என்று ஆரம்பித்திருந்தார். அவரிடமும் அதே கம்பெனியின் மெஷின் ஒன்று கொட்டகையில் நிற்கிறதாம். அதைத் திறந்து மூடி, கம்பிகளில் ஓடும் சமிக்ஞைகளை அளந்து வைத்திருந்ததையெல்லாம் படத்தோடு அனுப்பினார். சொந்தக்காரன்கூட இவ்வளவு செய்யமாட்டான்.

அன்றிலிருந்து நான் பகலில் எழுதி அனுப்புவேன், அவர் திருத்தி அனுப்புவார். எங்கள் நட்பில் 'சௌக்கியமா' என்ற வார்த்தை வந்ததே கிடையாது. 'இந்த வரியில் பூட்டைத் திறக்க மறந்துவிட்டீர்கள்' என்பதுதான் எங்கள் சௌக்கியம். நன்றி சொல்லிவிட்டு, உங்கள் மெஷினில் என்ன ஓடுகிறது என்று ஒரு நாள் மரியாதைக்குக் கேட்டேன். அவர் நண்பர்களின் குழந்தைகளுக்குக் குல்லா பின்னுகிறாராம், அதுவும் பனிக்காலத்தில் மட்டும். எழுதியிருந்தார்:

"எனக்கு இது பொழுதுபோக்கு. உங்கள் ஊரில் இதை வைத்து யாராவது உண்மையிலேயே வேலை செய்கிறார்களா?"

சும்மா கொடுத்தால்

அக்காவின் மெஷின் மேல் மெஷின் புரோக்கர் வேலுச்சாமிக்கு ரொம்ப நாளாக ஒரு கண். வாரத்துக்கு ஒரு தடவை வந்து, வாசலில் பைக்கை நிறுத்தி, "கம்ப்யூட்டர் இன்னும் இருக்குதுங்களா?" என்று, படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஆளை விசாரிக்கிற மாதிரி விசாரித்துவிட்டுப் போவார். மெஷினாக வாங்கினால் ஒரு விலை, இரும்பாக வாங்கினால் ஒரு விலை. அவர் இரும்புக்காகக் காத்திருந்தார்.

நான் டிரைவர் எழுதுவதைக் கேள்விப்பட்டு, "இதை எத்தனைக்கு விப்பீங்க?" என்றார். விற்பதில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவருக்கு முகமே மாறிவிட்டது. வெட்டும்போது கீழே விழுகிற துண்டுத் துணிக்குக்கூட ரகம் பிரித்து விலை சொல்லும் ஊர் இது. இங்கே சும்மா கொடுப்பவன் ஒன்று பைத்தியம், இல்லாவிட்டால் தேர்தலுக்கு நிற்கப்போகிறவன். அவர் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய், தோளில் கைவைத்து, நிஜமான அக்கறையோடு சொன்னார்:

"எல்லாத்துக்கும் சும்மா குடுத்துப்போட்டீங்கன்னா, நாளைக்கு உங்கள எவனுங்க கூப்புடுவான்?"

வாரத்தில் ஒரு நாள்

பழைய கம்ப்யூட்டர் ஒரு திங்கட்கிழமை காலையில் முனகாமலே போய்ச் சேர்ந்தது. புதியதை வைத்து, என் டிரைவரை ஏற்றி, சுவிட்சைப் போட்டேன். சர்ர்ர்ரக்... டக். முதல் காலர் வந்து விழுந்தது. நீலத்தில் வெள்ளைக் கோடு, வரிசை பிசகாமல். அக்கா அதன் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, கோட்டோடு கோடு பொருந்துகிறதா என்று பார்த்தார். செக்கிங்கில் இருந்த கை. பொருந்தியது. ஆபரேட்டர் மனோஜ், ஒடிசாக்காரன், என்னைக் கட்டிப்பிடித்தே விட்டான். எனக்கு அன்றைக்குப் பகலில் நல்ல தூக்கம்.

சனிக்கிழமை காலையில் ஷிப்ட் முடிந்து போனால், அக்கா ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையக் காலரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு பக்கம் கோடு ஒல்லி, மறுபக்கம் தடி. முதல் நாள் சாயங்காலம் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து ஓட்டினவை. ஆனால் நான் பார்க்கும் நேரத்தில் மெஷின் சமத்தாக ஓடிக்கொண்டிருந்தது. மனோஜ் வழக்கம்போல ஏர் பிடித்துப் பஞ்சுத் தூசியை ஊதி, வேஸ்ட் துணியால் மேலும் கீழும் துடைத்துவிட்டு ஓட்டியிருந்தான். அடுத்த வாரமும் இதே கதை. அதற்கடுத்த வாரமும். "சனிக்கிழமை டீக் இருக்கு அண்ணா, சுக்ரவார் மட்டும் கராப்" என்றான் மனோஜ். வெள்ளிக்கிழமை மட்டும் கெட்டுப்போகிறதாம். வெள்ளிக்கிழமை பூஜைக்கு நானும்தான் போவேன். சூடத்தைத் தொட்டுக் கும்பிட்டு, பொரியும் பழமும் வாங்கிக்கொண்டு, மெஷினைப் போடுவதற்குள் ஷிப்ட்டுக்கு ஓடிவிடுவேன். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை. டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்:

"பழைய கம்ப்யூட்டர்ல ஒரு நாளும் இப்படி ஆனதில்லீங் தம்பி."

உலகமே திரண்டு வந்தது

வெள்ளிக்கிழமை மட்டும் வரும் பழுது என்று குழுவில் எழுதினேன். இந்தத் தடவை வரியை மடக்கி, அடைப்புக்குறி போட்டு, கீழ்ப்படிதலையெல்லாம் எடுத்துவிட்டு. அடடா! லீவு லெட்டரைச் சீண்டாத மகான்கள் அத்தனை பேரும் வந்து குவிந்தார்கள். ஒரு பெண்மணி நம்பவே முடியாது என்றார், இன்னொருவர் தனக்குத் தெரிந்தே இப்படி நடந்திருக்கிறது என்றார். ஹென்ரிக், எண்ணி எண்ணி ஒரு வாரத்தில் நிரம்பி வழிகிற கணக்கி ஏதோ உள்ளே ஒளிந்திருக்கிறது என்று ஒரு தேற்றமே எழுதிவிட்டார். இன்னொரு ஆள், வெள்ளிக்கிழமை உங்கள் ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்குப் போடுவதால் கரண்ட் குறைகிறதா என்று கேட்டார். கறார்கூட இறங்கி வந்து, என் நிரலில் இதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு பிழைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

அவர்கள் சொன்ன ஒவ்வொன்றையும் செய்தேன். கணக்கியை மாற்றினேன், வயரை மாற்றினேன், கரண்ட்டுக்குத் தனி லைன் இழுத்தேன். வெள்ளிக்கிழமை வந்தது, கோடு தப்பியது. இதற்குள் அக்காவுக்கு ஆர்டர் கொடுக்கிற கம்பெனியின் மெர்ச்சண்டைசர், இன்னொரு லாட் ரிஜெக்ட் ஆனால் காலரை வேறு இடத்தில் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார். குழுவில் விவாதம் அதுபாட்டுக்கு உற்சாகமாக ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் எழுதினார்:

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை ஓடாதது மனிதர்களுக்கு மட்டும்தான் என்று இதுவரை நினைத்திருந்தேன்."

வாசலில்

என் மனைவி எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு கம்பெனியில் டெய்லர். நான் காலையில் வீட்டுக்குள் நுழையும்போது அவள் சாப்பாட்டுப் பையோடு வெளியே வருவாள். எங்கள் குடும்ப வாழ்க்கையின் பெரும்பகுதி செருப்பு மாட்டுகிற நேரத்தில், வாசற்படியில் நடப்பது. அன்றைக்கும் கையில் போனோடு, கணக்கி நிரம்புவதைப் பற்றி யோசித்துக்கொண்டே வந்து அவள்மேல் மோதிக்கொண்டேன். "அந்த வெள்ளிக்கிழமை மெஷினுங்களா?" என்றாள். ஆமாம், மெஷினை ஏற்றிப்போக வேலுச்சாமி சனிக்கிழமை டெம்போவோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார், அக்காவும் வரச் சொல்லிவிட்டார் என்றேன். அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, என் சிவந்த கண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படியிறங்கினாள்:

"மெஷினாச்சும் வாரத்துல ஒரு நாளைக்குத்தான் மக்கர் பண்ணுது."

மஞ்சள் லேபிள்

அந்த வெள்ளிக்கிழமை ஷிப்ட்டுக்கு லீவு போட்டேன், பழைய பாணியில், அவதிப்படுவதால் என்றே எழுதிக் கொடுத்து. பூஜை முடிந்து மெஷின் ஓடுவதை ஹென்ரிக்குக்குப் போனில் நேராகக் காட்டுவது என்று ஏற்பாடு. அவருக்கு அப்போது மத்தியானம். சூடம் காட்டி முடிந்தது. மனோஜ் பொரி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான். நான் போனை மெஷினின் வலது கோடியிலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனேன். கேரேஜ், நூல் கோன்கள், எலுமிச்சம்பழம், இடது கோடியில் கறுப்புப் பெட்டி. ஹென்ரிக் "நிறுத்துங்கள்" என்றார்.

"அந்த மஞ்சள் லேபிள், நடுவில் சிவப்புப் புள்ளியோடு இருக்கிறதே, அது என்ன? என் மெஷினில் அது இல்லை. உங்களுடையது புது மாடலா?" என்று கேட்டார். நான் பார்த்தேன். கண்ணாடி ஜன்னலை முழுக்க மூடிக்கொண்டு, கட்டைவிரல் அகலத்துக்கு ஈரச் சந்தனம். நடுவில் அழகாகக் குங்குமம். வாராவாரம் நான் விழுந்து கும்பிட்டது இதைத்தான். கும்பிடுகிற நேரத்தில் யார் பார்க்கிறார்கள்? ஈரச் சந்தனத்தைத் தாண்டி வெளிச்சம் சில தடவை உள்ளே போகும், சில தடவை போகாது. சனிக்கிழமை காலையில் மனோஜின் வேஸ்ட் துணி அதைத் துடைத்துவிடும். "அக்கா, முன்னயெல்லாம் பொட்டு மெஷின் நெத்தியில, மேலதானுங்க வெப்பீங்க?" என்றேன். அக்கா என்னை வினோதமாகப் பார்த்தார்:

"புதுக் கம்ப்யூட்டர் வெச்சதுல இருந்து இங்கதானுங்க. நீங்கதானுங்களே தம்பி சொன்னீங்க, உசுரே இதுலதான் இருக்குதுன்னு?"

இடம் மாற்றம்

துடைத்துவிட்டால் முடிந்தது. பஞ்சை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். "பூசை அன்னிக்கே பொட்ட அழிக்கச் சொல்றீங்களா?" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. வீட்டுக்காரர் போனதிலிருந்து அக்காவின் நெற்றிக்கு விபூதி மட்டும்தான். சந்தனமும் குங்குமமும் மெஷினுக்குத்தான். நான் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நாளைக்குக் காலையில் டெம்போ வரும். ஒரு துடைப்புத் துடைத்தால் மெஷின் இங்கேயே இருக்கும். அந்தத் துடைப்பைத்தான் என்னால் துடைக்க முடியவில்லை.

போனுக்குள்ளிருந்து ஹென்ரிக், "என்ன நடக்கிறது? யாருக்காவது அடிபட்டுவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் லீவு லெட்டர் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அதை அழிக்க வேண்டாம். கொஞ்சம் இடம் மாற்றலாமா என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள்" என்றார். அக்காவிடம் சொன்னேன். அவர் போனில் தெரிந்த அந்த நரைத்த தாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்து, கறுப்புப் பெட்டியின் தலைமேல் புதிதாக ஒன்று வைத்து, குங்குமமும் வைத்தார். "சரி, இப்ப எடுத்துக்குங்க" என்றார். கண்ணாடியில் இருந்ததை நான் பஞ்சால் துடைக்கவில்லை. மோதிர விரலால் வழித்து என் நெற்றியில் இட்டுக்கொண்டேன். மிச்சம் ஒட்டியிருந்த பிசுக்கைத்தான் ஸ்பிரிட் தொட்ட பஞ்சு எடுத்தது.

மனோஜ் சுவிட்சைப் போட்டான். சர்ர்ர்ரக்... டக். காலர் வந்து விழுந்ததும் அக்கா எடுத்து இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தார். அடுத்ததையும் பிடித்தார். அதற்கடுத்ததையும். டப்பாவில் பாதி சேரும்வரை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் போனை என் பக்கம் திருப்பினேன். ஹென்ரிக் என் நெற்றியைப் பார்த்துச் சொன்னார்:

"லேபிள் இப்போது உங்கள் மேல் இருக்கிறது. இனி உங்கள் எண்ணிக்கை தப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

டெம்போ

சனிக்கிழமை காலையில் வேலுச்சாமி, கயிறும் லோடுமேன்களுமாக டெம்போவில் வந்து இறங்கினார். சந்துக்குள் நுழையும்போதே அவருக்கும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். முகம் வாடித்தான் வந்தது. அக்கா அவரை உட்காரச் சொல்லி, நேற்றைய பூஜைப் பொரியும் டீயும் கொடுத்து, காலரில் ஒன்றை எடுத்துக் காட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழில் தெரிந்தவர், குறை சொல்லவில்லை. டீயைக் குடித்து முடித்து, லோடுமேன்களைப் போகச் சொல்லிவிட்டு, பைக் இல்லாததால் டெம்போவிலேயே முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

"அப்ப, அடுத்த வெள்ளிக்கெழமைக்கு மேல வரட்டுங்களா?"

சந்தனத்துக்கு விளக்கம்

ஹென்ரிக்கின் தேற்றம் போனது போனதுதான். அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் எண்ணிக்கை தப்பினால் மெஷின் தப்பாகவே பின்னிக்கொண்டு போகாமல், நின்று சத்தம் போட வேண்டும் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து டிரைவரில் நாலைந்து வரி சேர்த்தோம். எதனால் தப்பலாம் என்று காரணங்களை எழுதும் இடத்தில், 'தூசி, எண்ணெய்' என்பதற்குப் பக்கத்தில் 'சந்தனம்' என்றும் எழுதினேன். அப்படியே குழுவுக்கு அனுப்பினேன். கறாரிடமிருந்து பதில் வர நாளாயிற்று. இதைத் தூக்கி எறிந்தால் இந்தத் தொழிலையே விட்டுவிடுவது என்றுகூட முடிவு செய்திருந்தேன், வழக்கமாகச் செய்கிற முடிவுதான். வந்தது:

"ஏற்றுக்கொண்டேன். சந்தனம் என்றால் என்ன என்று ஒரு வரி சேர்க்கவும். அந்த வரியையும் மடக்கி எழுதவும்."

ஆக, சக பாவிகளே, உலகத்து மூளைகளெல்லாம் கூடித் திருத்திய அந்த டிரைவர் இன்றைக்கும் பிசகாமல் ஓடுவதற்குக் காரணம், வெள்ளிக்கிழமைதோறும் பூஜை முடிந்து பொரியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டதும், ஷிப்ட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் நான் ஒரு துண்டுப் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, மேலிருந்து வழிந்திருக்கும் சந்தனத்தை அந்தக் கண்ணாடியிலிருந்து துடைத்துவிட்டுப் போவதுதான்.